காரைக்குடியில ரத்தத்துல ஈயம் பாக்குற டெஸ்ட்: எங்க அனுபவம், 5க்கு 3

லேப் பேரைப் போடல, ஊர்ல எல்லாரும் தெரிஞ்சவங்க, நாளைக்கு சுகர் பாக்க அங்கதான் போய் நிக்கணும். கேக்குறவங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்னுதான் எழுதுறேன்.

எங்க வீட்ல ரசம்னா ஈயச்சொம்புதான். சொம்பு செய்யுறது வெள்ளீயத்துல (டின்), உடம்புக்கு ஆகாதது காரீயம் (லெட்), இந்த டெஸ்ட்ல ஈயம்னு பாக்குறது அதைத்தான். அப்பத்தாவோட சொம்பை யாரோ வெறுஞ்சொம்பா அடுப்புல வச்சு உருக்கிட்டாங்க (யாரோ இல்ல, நான்தான்), அதுக்குப் பதிலா பழைய சாமான் கடையில ஒண்ணு வாங்கி மூணு வருஷமா புழங்கிட்டு இருந்தோம். போன மாசி மாசம் பித்தளைக்கு ஈயம் பூச வந்தவரு அதை எடுத்து ஒரு காகிதத்துல தேய்ச்சாரு, பென்சில் மாதிரி கறுப்பா கோடு விழுந்துச்சு, "இது வெள்ளீயம் மட்டும் இல்லம்மா, காரீயம் கலந்திருக்கு போல, புளித்தண்ணி ஊத்தாதீங்க"ன்னுட்டு போயிட்டாரு. அவ்ளோதான், எனக்கு அன்னிக்கு தூக்கம் போச்சு, ஏன்னா பையனுக்கு ஆறு வயசு, ரசத்தை டம்ளர்ல ஊத்தி குடிக்கிறவன்.

சரின்னு லேப்புக்கு போன் பண்ணா முதல் கோளாறு அங்கயே. வெறும் வயித்துல வாங்கன்னாங்க. ஈயத்துக்கு பட்டினியே தேவையில்ல, சாப்பிட்டுட்டே போகலாம், அது தெரியாம புள்ளைய காலையில பட்டினி போட்டு கூட்டிட்டுப் போய் அவன் ரிசப்ஷன்ல ஒரே அழுகை. அடுத்து கவுண்டர்ல இருந்த அம்மா இருபது உலோகம் பாக்குற பேக்கேஜை தலையில கட்டப் பாத்தாங்க. அதுல ஆர்சனிக் ரத்தத்துல பாக்குறாங்களாம், ஆனா ஆர்சனிக் ரத்தத்துல ரொம்ப நேரம் தங்காது, அதுக்கு யூரின்தான் சரி, அதுவும் ரெண்டு மூணு நாள் மீன் நண்டு தொடாம இருக்கணும், இல்லன்னா கடல் மீன்ல இருக்கிற ஆபத்தில்லாத ஆர்சனிக் சேர்ந்து நம்பரை ஏத்திக் காட்டும். முந்தாநேத்துதான் தேவகோட்டையில நண்டு மசாலா சாப்பிட்டு வந்தோம்! ஈயம் மட்டும் போதும்னு சொல்லிட்டேன், ஆளுக்கு 1,400 ரூபா.

இப்ப முக்கியமான விஷயம். ரத்தம் எடுக்க வந்த தம்பி எப்பவும் போல ஊதா மூடி ட்யூபை எடுத்தாரு. நான் முன்னாடியே படிச்சுட்டுப் போனதால கேட்டேன், "தம்பி, உலோகத்துக்குன்னு தனியா அடர் நீல மூடி ட்யூப் இருக்குமே"ன்னு. ஏன் இந்த கெடுபிடின்னா, நாம தேடுறது அவ்வளவு துளியூண்டு. லிட்டருக்கு 35 மைக்ரோகிராம்னு வச்சா, பெரிய ஆளு ஒருத்தரோட 5 லிட்டர் ரத்தத்துக்கும் சேர்த்து ஈயம் மூணு பரல் தூள் உப்பு எடைதான் வரும். அதுல ட்யூபோட ரப்பர்ல ஒட்டி இருக்கிறதோ கைல இருக்கிற தூசியோ கலந்தா போச்சு, அளந்தது நம்ம ரத்தத்தையா ட்யூபையான்னே தெரியாது. விரல்ல குத்தி எடுக்குறதும் இதனாலதான் சந்தேகம், அதுல அளவு கூடுதலா வந்தா நரம்புல எடுத்து இன்னொரு தடவை பாக்கணும்.

அந்தத் தம்பிய பாராட்டணும். முகம் சுளிக்காம "இருங்கக்கா"ன்னு சொல்லி மெட்ராஸ்ல மெயின் லேப்புக்கே போன் போட்டு கேட்டாரு, ஆமா நீல மூடிதான்னாங்க, ஸ்டாக் இல்ல, ரெண்டு நாள் கழிச்சு வரவச்சு அவரே வீட்டுக்கு வந்து பையன் கையை சோப்பு போட்டு கழுவ வச்சு, காய விட்டு, ஸ்பிரிட் போட்டு துடைச்சு எடுத்தாரு, புள்ளைக்கு வலிக்கவே இல்ல. அந்த 3 ஸ்டார்ல ரெண்டு அவருக்குத்தான்.

சாம்பிள் மெட்ராஸ் போகுது, அங்க ஐசிபி-எம்எஸ்னு ஒரு மெஷின், ரத்தத்தை கரைச்சு ஆர்கான் வாயுவை கொதிக்க வச்ச பிளாஸ்மாவுல (ரத்த பிளாஸ்மா இல்ல) விட்டு, ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டுல அணு அணுவா பிரிச்சு எடைய வச்சு எண்ணுது. ஈயத்தை எலக்ட்ரோடுல படிய வச்சு திருப்பி கரைய விட்டு கரண்ட்டை அளக்குற சின்ன மெஷினும் உண்டு. சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு எலக்ட்ரோகெமிஸ்ட்ரிக்கு மெட்ராஸ் பாக்க வேண்டியிருக்கேன்னு வீட்டுக்காரரு புலம்புனாரு, அது வேற கதை.

ஆறாம் நாள் ரிப்போர்ட். எனக்கு 4.1, பையனுக்கு 6.2, மைக்ரோகிராம் பர் டெசிலிட்டர் (லிட்டர்ல பத்துல ஒரு பங்கு, அதனால முன்னாடி சொன்ன லிட்டருக்கு 35ங்கிறது இந்தக் கணக்குல 3.5). பக்கத்துலயே "நார்மல்: 10க்கு கீழ்"னு அச்சடிச்சு பச்சை டிக். எனக்கு கோவம் வந்த இடம் இதுதான். அந்த 10ங்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2012லயே கைவிட்ட கணக்கு, அப்ப குழந்தைங்களுக்கு 5ன்னு வச்சாங்க, 2021ல 3.5 ஆக்கிட்டாங்க, உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணும் கிடையாதுன்னே சொல்லுது. இத்தனை நுணுக்கமா அளந்து குடுத்துட்டு பழைய கோட்டை வச்சு டிக் அடிச்சா எவ்வளவு பேரு நிம்மதியா ஃபைல்ல சொருகி வச்சிருப்பாங்க? போன்ல கேட்டா "சாஃப்ட்வேர்ல அப்படித்தான் வருது மேடம்". கூடவே உடம்புல விஷம் எடுக்கிற டீடாக்ஸ் பொடி நோட்டீஸ் வேற.

குழந்தை டாக்டர் பொறுமையா சொன்னாரு, மருந்து குடுத்து ஈயத்தை இழுக்கிறதெல்லாம் பொதுவா 45க்கு மேல போனாத்தான், இவனுக்கு வர்ற வழிய அடைச்சா போதும், இரும்புச்சத்து குறைஞ்சா ஈயம் கூடுதலா ஏறும், கீரையும் பாலும் குடுங்கன்னு. சொம்பை நிறுத்துனோம். கடை மஞ்சத்தூளையும் நிறுத்தி விரலி மஞ்சளா வாங்கி அரைச்சோம், நிறத்துக்கு லெட் குரோமேட்ங்கிற ஈயச் சாயம் கலக்குறதுன்னு ஒண்ணு இருக்குல்ல. அதனால குறைஞ்சது எதாலன்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, ஆனா மூணு மாசம் கழிச்சு அதே தம்பி, அதே நீல மூடி, பையனுக்கு 3.9. ரத்தத்துல இருக்கிறது ஒரு மாசத்துல பாதியா இறங்கும், எலும்புல போய் உக்காந்தது வருஷக்கணக்கா மெல்ல மெல்ல கசியும், அதான் படக்குன்னு இறங்கல.

போறவங்க முதல்லயே போன் பண்ணி நீல மூடி ட்யூப் வந்தாச்சான்னு கேட்டுட்டுப் போங்க, சனிக்கிழமை குடுக்காதீங்க, ஞாயித்துக்கிழமை கூரியர் கிடையாது. வீட்டுக்கு வந்து எடுக்க 100 ரூபா தனி. ரெண்டாவது ரிப்போர்ட்லயும் பச்சை டிக், 10க்கு கீழ்.