ஆனைகட்டி ரோட்டுல இருளர் பெண்கள் நடத்தற கடை, கண்டிப்பா போங்க

கோயமுத்தூர்ல இருந்து தடாகம், மாங்கரை வழியா ஆனைகட்டி போறவங்க இந்தக் கடைல வண்டிய நிறுத்துங்க. பக்கத்துப் பதியோட (இருளர் குடியிருப்பத்தான் பதின்னு சொல்லுவாங்க) மகளிர் குழு நடத்தறது, ராகி, சாமை, தேன், சீகைக்காய், சீமாறு எல்லாம் கிடைக்குது. ராகி மாவு ரொம்ப அருமைங்க, களி கிண்டுனா கட்டியே விழல, வாசமும் நல்லா இருக்குது.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது அந்த அக்காங்கள பத்திதான். பழங்குடி பொருள்னு போர்டு வெச்ச கடை நெறைய பாத்திருக்கறேன், கல்லாப்பெட்டில வேற யாரோ இருப்பாங்க, மலைல இருந்து வந்த பெண்கள் உள்ள பேக்கிங் பண்ணிட்டு இருப்பாங்க. இங்க வெல வெக்கறது, கணக்கு பாக்கறது, சரக்கு யார்கிட்ட எடுக்கறதுன்னு முடிவு பண்றது எல்லாமே அவங்கதான். நெல்லிக்காய் கேட்டேன், குழுத் தலைவி அக்கா இல்லைன்னுட்டாங்க, "இன்னும் வெளையல கண்ணு, இப்பவே கொம்ப ஒடிச்சுட்டா அடுத்த வருசத்துக்கு மரத்துல என்ன இருக்கும், ஊர்க்கூட்டத்துலயே பேசிட்டோம்"னாங்க. வர்ற யாவாரத்த வேண்டாம்னு சொல்றதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்!

2006 வன உரிமைச் சட்டப்படி தேன், நெல்லி மாதிரி சிறு வனப்பொருள எடுக்கறதும் விக்கறதும் அவங்க உரிமைங்க, கல்யாணம் ஆனவங்களுக்கு காட்டு நிலத்துக்கு பட்டா குடுத்தா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் குடுக்கோணும், அதுக்காகக் கூடற கிராம சபைல வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்காவது பெண்களா இருக்கோணும். எல்லா ஊர்லயும் இது நடக்கறதில்ல, அதனாலதான் காட்டப் பத்தியும் கடையப் பத்தியும் ஒரு பெண் முன்னால நின்னு பேசறத பாத்தா மனசு நெறையுது. நீலகிரி பக்கம் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனி இருக்குதுல்ல, பழங்குடி மக்களே நடத்தறது, 2021-ல ஐநா வளர்ச்சித் திட்டத்தோட ஈக்வேட்டர் விருது வாங்குச்சு. இந்த மாதிரி சின்னக் குழுக்களும் அப்படி வளரோணும்.

கொறைன்னா தேன் பாட்டில் மூடி சரியில்ல, கார்லயே ஒழுகிருச்சு, போன் பண்ணி சொன்னதும் அடுத்த தடவ வேற பாட்டில் தர்றோம்னாங்க. வெல டவுன் கடைய விட கொஞ்சம் கூட, பறிச்சவங்களுக்கு நல்ல கூலி போகுதுன்னு கணக்கோட சொன்னாங்க, எனக்கு அது நியாயமா பட்டுச்சு, தயவுசெஞ்சு பேரம் பேசாதீங்க.

சிக்னல் சரியா கிடைக்காது, கைல பணம் வெச்சுக்கங்க. யானை நடமாடற ரோடு, அவங்களும் இருட்டறதுக்குள்ள ஊருக்குப் போகோணும்னு சீக்கிரமே சாத்திருவாங்க, மத்தியானத்துக்குள்ள போயிருங்க.