குமரிக் கடலோரத்தில் வீட்டுக் கடன்: வங்கியா, வீட்டு வசதி நிதி நிறுவனமா, நகைக் கடனா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலம் எப்போதுமே அரிய பொருள்தான். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்ந்தார்கள். வடக்கே மலையும் காடும் பரப்பில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ள, மீதமுள்ள தரையில் ஏலாக்கள் எனப்படும் வயல்வெளிகள், குளங்கள், தென்னந்தோப்புகள் போக எஞ்சியதைத்தான் சென்ட் கணக்கில் மக்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதன்மேல் சுற்றுலாவும் சேர்ந்துவிட்டது. கோவளம், லீபுரம், வட்டக்கோட்டை, சொத்தவிளை, முட்டம் ஆகிய கடலோர ஊர்களில் ஒரு சென்ட் விலையைத் தீர்மானிப்பவர் அந்த ஊரில் குடியிருக்க விரும்பும் ஆசிரியரோ, மீனவரோ, கடைக்காரரோ அல்லர். கடல் தெரியும் மாடியில் தங்கும் விடுதி கட்ட நினைப்பவர்தான் விலையைச் சொல்கிறார். அதே ஊரில் பிறந்து, சம்பளத்தையோ வளைகுடா வருமானத்தையோ நம்பிக் கடன் வாங்க முனைகிறவர் அந்த விலையோடு மோத வேண்டியிருக்கிறது.

இத்தகைய இடத்தில் எந்தக் கடன் நல்லது என்ற கேள்விக்கு வட்டி விகிதத்தை மட்டும் வைத்து விடை சொல்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. நிலத்தின் பத்திரமும் வகைப்பாடும் எந்த நிறுவனத்தின் கதவைத் திறக்கின்றன என்பதே முதல் கேள்வி. வட்டி அதற்குப் பின்னால் வருகிறது.

பத்திரத்தில் எழுதப்படும் விலையிலிருந்தே தொடங்க வேண்டும். சுற்றுலாப் பகுதியில் சந்தை விலைக்கும் அரசின் வழிகாட்டி மதிப்புக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பது வழக்கம். விற்பவர் மூலதன ஆதாய வரியைக் குறைக்க வழிகாட்டி மதிப்பிலேயே பத்திரம் முடிக்கச் சொல்கிறார். வாங்குபவரும் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையிலும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணத்திலும் கொஞ்சம் மிச்சமாகும் என்று இசைந்துவிடுகிறார். கடன் வாங்குபவருக்கு இது நட்டமான பேரம். ஒரு பழைய வீட்டை 40 லட்சம் ரூபாய்க்குப் பேசி, 24 லட்சத்துக்குப் பத்திரம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வங்கிகள் பத்திர விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் விலை ஆகிய இரண்டில் குறைந்ததையே கணக்கில் எடுக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடும், 30 முதல் 75 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும்தான் உச்ச வரம்பு. எனவே 24 லட்சப் பத்திரத்துக்கு அதிகபட்சம் 21.60 லட்சம் கிடைக்கும், மீதி 18.40 லட்சத்தையும் பதிவுச் செலவு 2.16 லட்சத்தையும் கையிலிருந்து போட வேண்டும். முழு 40 லட்சத்துக்கும் பத்திரம் எழுதி, மதிப்பீட்டாளரும் அதை ஏற்றுக்கொண்டால் 32 லட்சம் வரை கடன் பெற இடமுண்டு; கைப்பணம் 8 லட்சமும் பதிவுச் செலவு 3.60 லட்சமும் போதும். ஏறத்தாழ 9 லட்சம் ரூபாய் வேறுபாடு. அந்த 9 லட்சத்துக்குத்தான் பலர் நகையை அடகு வைக்கிறார்கள் அல்லது கந்து வட்டிக்கு வாங்குகிறார்கள். மேலும், நிலம் விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுபவருக்கு, பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது என்பதை விற்பவரிடமும் எடுத்துச் சொல்லலாம்.

இனி, முதன்மையான இரு போட்டியாளர்களைப் பார்ப்போம். ஒருபுறம் பொதுத்துறை வங்கி. மறுபுறம் வீட்டு வசதி நிதி நிறுவனம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனின் வட்டி) போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டி மறுநிர்ணயம் செய்யப்பட வேண்டும். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ விகிதம் 6.50இலிருந்து 5.50 விழுக்காட்டுக்கு இறங்கியபோது, இப்படி இணைக்கப்பட்ட கடன்காரர்களுக்கு அந்தக் குறைப்பு தானாக வந்து சேர்ந்தது. வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தாமே நிர்ணயிக்கும் அடிப்படை விகிதத்தை வைத்துக் கணக்கிடுவதால், வட்டி ஏறும்போது உடனே ஏறுவதும் இறங்கும்போது தயங்கித் தயங்கி இறங்குவதும் நேரலாம்.

30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 8.5 விழுக்காட்டில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய்; அதே தொகை 10.5 விழுக்காட்டில் சுமார் 29,950 ரூபாய். மாதம் நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவான இந்த வேறுபாடு, 20 ஆண்டுகளில் 9 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அப்படியிருந்தும் கடலோரக் கிராமங்களில் பலர் நிதி நிறுவனத்தையே நாடுவதற்குக் காரணம் இருக்கிறது. வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, தனிப்பட்டா, புலப்பட வரைபடம், வாரிசுச் சான்று என்று வரிசையாகக் கேட்கிறார். குமரியில் அந்த வரிசை எளிதானதன்று. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் பழைய பிரமாணங்கள் (பத்திரங்கள்) மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை மொழிபெயர்த்து, மூன்று தலைமுறைப் பாகப்பிரிவினையையும் கூட்டுப் பட்டாவையும் சீராக்கி, உட்பிரிவு செய்து வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நிதி நிறுவனம் இவற்றில் சிலவற்றைத் தளர்த்திப் பார்க்கிறது. ரசீது இல்லாத கடை வருமானத்தையும் மீன்பிடி வருமானத்தையும் நேரில் வந்து மதிப்பிடுகிறது. அது உண்மையான சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தளர்வுக்கு விலை கூடுதல் வட்டி என்பதையும், பத்திரத்தில் உள்ள குறை கடன் கிடைத்ததால் நீங்கிவிடவில்லை என்பதையும் வாங்குபவர் மனத்தில் வைக்க வேண்டும். ஆகவே, பட்டாவைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்றால் காத்திருந்து வங்கிக்குப் போவதே மேல் என்பேன். விற்பவர் காத்திருக்க மாட்டார், நிலமும் வேறு வகையில் குறையற்றது என்றால் மட்டுமே நிதி நிறுவனத்தைத் தேர்வேன்.

இரண்டையும் ஒப்பிட ஒரு நல்ல கருவி இப்போது கையில் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் கடன் தருபவர் அனைவரும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும்; அதில் செயலாக்கக் கட்டணம், காப்பீடு உள்ளிட்ட எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதம் ஒரே எண்ணாக இருக்கும். விளம்பரப் பலகையில் உள்ள வட்டியை விட்டுவிட்டு, இரு நிறுவனங்களின் இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த நிறுவனமும் கடன் தரத் தயங்கும் நிலங்களும் உண்டு. சுற்றுலாப் பகுதியில் ‘மலிவு’ என்று காட்டப்படுபவை பெரும்பாலும் இவைதான். வங்கிகளுக்கு வாராக்கடன் சொத்தைக் கையகப்படுத்த உதவும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் நஞ்சையாகவோ தோப்பாகவோ பதிவான நிலத்தின்மேல் வீட்டுக் கடன் கிடைப்பது அரிது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உள்ளன. பாரம்பரிய மீனவக் குடும்பங்களுக்குத் தனிச் சலுகைகள் இருந்தாலும், வெளியிலிருந்து வாங்கிக் கட்டுபவருக்கு அவை பொருந்தா. கோயில் நிலமாகப் பதிவேட்டில் இருப்பவற்றின் விற்பனையைப் பதிவதைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடுக்கிறது. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவின் மனைகளுக்கும் அதே பிரிவு தடையாகிறது. திற்பரப்பு, பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் ஓய்வு இல்லம் கட்ட விரும்புவோர், 1949ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்த நிலம் வருகிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். வந்தால் அரசுக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது.

வளைகுடாவில் உழைக்கும் குமரி மக்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. வெளிநாடு வாழ் இந்தியர் ஒருவர் குடியிருப்பு வீட்டையும் மனையையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். தென்னை விளையை (தோப்பை) வாங்கி ஓரத்தில் வீடு கட்டும் திட்டம் இங்கேயே முறிந்துவிடும். பெரிய பொதுத்துறை வங்கிகளில் வெளிநாடு வாழ் இந்தியருக்கான வீட்டுக் கடன் திட்டங்கள் தெளிவாக இருக்கின்றன; சம்பளச் சான்றும், அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் ஒப்பமிட்டு இங்கே முறைப்படுத்திய அதிகாரப் பத்திரமும் இருந்தால் வேலை நடக்கும். இவர்களுக்கு வங்கியே முதல் தேர்வு.

கூட்டுறவு வங்கிகளையும், 2019இல் பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் இணைந்து உருவான தமிழ்நாடு கிராம வங்கியையும் சிறு தொகைக்கு நாடலாம். கிளை மேலாளருக்கு ஊரும் ஆளும் தெரிந்திருப்பது அங்கே பெரிய பலம். கடலோரச் சந்தை விலைக்கு அந்தத் தொகை எட்டுமா என்பதே ஐயம். சொந்த மனை ஏற்கெனவே உள்ளவர் வீட்டை விரிவாக்க அது பொருத்தமான வழி.

நகைக் கடனைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் குமரியில் வீடு கட்டும் குடும்பங்களில் பல, அறிந்தோ அறியாமலோ இதைத்தான் வீட்டுக் கடனாகப் பயன்படுத்துகின்றன. பட்டா வேண்டாம், வழக்கறிஞர் வேண்டாம், அரை மணி நேரத்தில் பணம். அஸ்திவாரத்துக்கு ஒரு தொகை, லிண்டல் மட்டத்துக்கு ஒரு தொகை, கூரை வார்ப்புக்கு ஒரு தொகை என்று கட்டுமானத்தின் போக்கிலேயே அடகு வைக்கலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி வேலையை நிறுத்தும் ஊரில் அந்த நெகிழ்வு மதிப்புடையது. வங்கியோ ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் பொறியாளர் பார்த்த பிறகுதான் அடுத்த தவணையை விடுவிக்கும். இருந்தும், கணக்கைப் பார்த்தால் மயக்கம் தெளியும். 10 லட்சம் ரூபாய் நகைக் கடனுக்கு 10 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம் வட்டி மட்டுமே. அசல் அப்படியே நிற்கிறது. அதே 10 லட்சத்தை 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டு வீட்டுக் கடனாக வாங்கினால் ஆண்டுக்குச் செலுத்துவது சுமார் 1.04 லட்சம், அதில் முதல் ஆண்டிலேயே 20,000 ரூபாய் அளவுக்கு அசல் குறைந்துவிடுகிறது. அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டும் நகைக் கடனுக்குக் காலம் பன்னிரண்டு மாதம்தான் என்பதையும், 5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு நகை மதிப்பில் 75 விழுக்காடே கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெண்களின் நகை ஆண்டுதோறும் ஏலத்துக்கு அஞ்சி மீட்டு மீட்டு அடகு வைக்கப்படுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் நிலை. பத்திரம் சீராகும் வரையிலான ஓராண்டுக்குள் தீர்க்கும் இடைக்காலப் பணமாக மட்டுமே நகைக் கடனை வைத்துக்கொள்வது நல்லது.

மாடியில் இரண்டு அறை கூடுதலாகக் கட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாம், அந்த வருமானத்தில் தவணை கட்டலாம் என்ற எண்ணம் கடலோரத்தில் இயல்பானது. அதை மறைத்து வீட்டுக் கடன் வாங்குவது ஒப்பந்தத்தை மீறுவதாகும். குடியிருக்கும் பகுதிக்கு வீட்டுக் கடனும், இல்லத் தங்கல் (ஹோம்ஸ்டே) தொழிலுக்குத் தனிக் கடனும் என்று பிரித்துக்கொள்வதே நேர்மையான வழி. 2025-26ஆம் ஆண்டின் ஒன்றிய நிதிநிலை அறிக்கை இல்லத் தங்கல்களுக்குச் சிறுதொழில்களுக்கான முத்ரா கடன் வழங்குவதாக அறிவித்திருக்கிறது. பருவத்தில் நிறைந்தும் ஆனி, ஆடியில் வெறிச்சோடியும் போகும் வருமானத்தை நம்பி முழுத் தவணையையும் கணக்கிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வட்டி மானியத்தைப் பொறுத்தவரை இம்மாவட்டத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு. கிராமம் போலவே தோன்றும் பல ஊர்கள் இங்கே நிர்வாகத்தில் பேரூராட்சிகளாக இருப்பதால், நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் 2.0 பதிப்பு அங்கும் பொருந்தக்கூடும். நாட்டில் எங்கும் சொந்த நிலையான வீடு இல்லாத, ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் உள்ள குடும்பம், 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் வாங்கினால், முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு வட்டி மானியமாக, அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய் ஐந்து தவணைகளில் பெறலாம். 35 லட்ச வரம்புக்குள் கடற்கரையில் வீடு அமைவது கடினம். சில கிலோமீட்டர் உள்ளே, கொட்டாரம் அல்லது சுசீந்திரம் பக்கம் தேடுபவருக்கு அது எட்டும். விடுதிக்காரரின் போட்டியும் அங்கே குறைவு.

நிதி நிறுவனத்தில் தொடங்கியவர் அங்கேயே இருபது ஆண்டு இருக்க வேண்டியதில்லை. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கியோ நிறுவனமோ அபராதம் வாங்க முடியாது. பட்டா தனியாகி, வாரிசுச் சிக்கல் தீர்ந்ததும் கடனை வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்கள் திருப்பித் தரப்பட வேண்டும். கடன் தந்தவரால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023இல் விதித்தது. பத்திரத்தை வாங்கியதோடு நின்றுவிடாமல், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, புதிய வில்லங்கச் சான்றில் அது ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே கோப்பை மூட வேண்டும்.