எடிட்டிங் கருவிகள்: குத்தகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா?

இரண்டு மூன்று எடிட்டிங் மேசைகளுடன் நடக்கும் சிறு வீடியோ நிறுவனத்துக்குச் சொந்தமாக வாங்குவதே பொருத்தம் என்பது என் முடிவு. எங்கள் நிறுவனத்துக்குக் கருவிகளைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது இரண்டு வழிகளையும் எடைபோட்டு அந்த முடிவுக்கே வந்தோம். குத்தகையில் கைப்பணம் மிச்சமாகும், ஆனால் மாதத் தவணைகளைக் கூட்டினால் விலையைத் தாண்டும். வாங்கினால் தொடக்கத்தில் பெருந்தொகை போகும், ஆனால் பொருள் கையில் நிற்கும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறொரு காரணம்.

குத்தகைக்குச் சொல்லப்படும் முதன்மையான வாதம், கருவிகள் விரைவில் பழையதாகிவிடும் என்பது. மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் எடிட்டிங் கணினி நாட்காட்டியைப் பார்த்துப் பழையதாவதில்லை. ஒளிப்பதிவாளர் புதிய வடிவத்தில் பதிவுசெய்த புட்டேஜைக் கொண்டுவந்து கொடுக்கிறாரே, அன்றுதான் அது பழையதாகிறது. அந்த நாளும் ஒப்பந்தம் முடியும் நாளும் ஒன்றாக அமைவது அரிது.

2020ஆம் ஆண்டு இதற்கு நல்ல சான்று. அந்த ஜூலையில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ7எஸ் 3, கேனான் ஆர்5 ஆகிய கேமராக்கள் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 கோடெக்கில், நிற விவரம் மிகுந்த 10 பிட், 4:2:2 பதிவை உள்ளேயே செய்யும் வசதியுடன் வந்தன. படத்தின் நிறங்களைச் சீரமைக்கும் கலர் கிரேடிங் செய்பவருக்கு அது பெரிய வரம். எடிட்டிங் கணினிக்கோ பெருஞ்சுமை. இவ்வகைப் பதிவில் பெரும்பாலான பிரேம்கள் முழுப் படங்களாக இருப்பதில்லை; அக்கம்பக்கத்துப் பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே அவை வைத்திருக்கும். டைம்லைனில் ஓரிடத்தில் நிறுத்தினாலும் அந்த ஒரு பிரேமைக் காட்டக் கணினி பல பிரேம்களை விரித்தாக வேண்டும். இப்படி விரிப்பதற்கென்றே அமைந்த டிகோடர் என்னும் பகுதி சில்லில் இல்லாவிட்டால், மொத்த வேலையும் செயலியின் தலையில் விழுந்து காட்சி திக்கித்திக்கி ஓடும். அன்றைய என்விடியா கிராபிக்ஸ் கார்டுகள், நிற விவரம் குறைந்த 4:2:0 வகை எச்.265 பதிவை எளிதாக விரித்தன. 4:2:2 வகைக்கான டிகோடர் அவற்றில் இல்லை. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. 2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1 சில்லிலும், 11ஆம் தலைமுறை முதல் இன்டெல் செயலிகளுடன் வந்த உள்கிராபிக்ஸிலும் அது இருந்தது. ஆகவே விலையுயர்ந்த கார்டு பூட்டிய மேசைக் கணினி தடுமாறிய அதே கோப்பை, மெல்லிய மடிக்கணினி ஒன்று சிரமமின்றி ஓட்டியது.

இந்தச் சூழலில் சொந்தக்காரருக்குக் கதவுகள் திறந்தே இருக்கின்றன. காலியாக உள்ள ஸ்லாட்டில் இந்த டிகோடர் கொண்ட இன்டெல் ஆர்க் போன்ற இரண்டாவது கார்டைச் செருகலாம். செயலியையும் மதர்போர்டையும் மட்டும் மாற்றலாம். அல்லது முழுவதையும் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். குத்தகைக்கு எடுத்தவர் பொதுவாகப் பெட்டியைத் திறக்கவே அனுமதி பெற வேண்டும். இடையில் விலக நினைத்தால் மீதித் தவணைகளில் பெரும்பகுதியைக் கட்டச் சொல்லும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. புட்டேஜின் சிறிய நகல்களான ப்ராக்ஸி கோப்புகளை உருவாக்கி வேலை செய்வது இருவருக்கும் பொதுவான மாற்றுவழிதான். ஆனால் அவசர வேலைகளில் அந்தக் காத்திருப்பும் கூடுதல் சேமிப்பிடமும் சிறு நிறுவனத்தை உண்மையிலேயே வருத்தும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஒரே மேசையில் உள்ள பொருள்கள் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை என்பது. அவ்வப்போது அளவீடு செய்து பராமரிக்கப்படும் நல்ல மானிட்டர், இரண்டு கணினிகளின் ஆயுளையும் தாண்டி உழைக்கக்கூடியது. பெட்டியும் பவர் சப்ளையும் அப்படியே. கிராபிக்ஸ் கார்டுதான் முதலில் பின்தங்குகிறது. எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிக் கொடுக்கும்போது, நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் மானிட்டரையும் சேர்த்தே திருப்பிக் கொடுக்கிறோம்.

சேமிப்புக் கருவிகளை எந்தச் சூழலிலும் குத்தகைக்கு எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் இருப்பது வாடிக்கையாளரின் புட்டேஜ். எஸ்எஸ்டி வட்டுகள் தேய்மானத்தைப் பகிர்வதற்காகத் தரவை உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், ஃபார்மேட் செய்வதாலோ மேலெழுதுவதாலோ எல்லாம் அழிந்துவிட்டது என்று நம்ப முடியாது. முதல் நாளிலிருந்தே குறியாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்திருந்தால்தான் நிம்மதியாகத் திருப்பிக் கொடுக்கலாம். அதோடு, பழைய வாடிக்கையாளர் ஆண்டுகள் கழித்து வந்து அதே படத்தில் ஒரு திருத்தம் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

மறுவிற்பனையில் மட்டும் குத்தகையின் பக்கம் ஒரு வலுவான நியாயம் உண்டு. 2019 டிசம்பரில் இன்டெல் செயலியுடன் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் மேக் ப்ரோ கணினியை எண்ணிப் பாருங்கள். அடுத்த ஜூனிலேயே இன்டெல்லை விட்டுத் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. ஆப்பிளின் இயங்குதளத்தில் இன்டெல் மேக்குகளை ஏற்கும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26. இப்படியான மதிப்பிழப்பு குத்தகையில், குத்தகை தரும் நிறுவனத்தின் தலையில் விழும். வாங்கியவர் தாமே தாங்க வேண்டும். ஆனால் இத்தகைய அடியோடான மாற்றம் அடிக்கடி நிகழ்வதன்று. எல்லா ஒப்பந்தங்களும் இந்தப் பாதுகாப்பைத் தருவதும் இல்லை: ஒப்பந்த முடிவில் பெயரளவு விலைக்குப் பொருளை நம்மிடமே தள்ளிவிடும் ஏற்பாடு, உண்மையில் தவணைக் கொள்முதல்தான். உரிய காலத்தில் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகவே நீளும் என்ற விதி இருக்கிறதா என்பதையும் கவனித்தாக வேண்டும்.

வரிச் சலுகை நாட்டுக்கு நாடு மாறும். குத்தகைத் தொகையை முழுச் செலவாகக் காட்டுவதும், வாங்கிய பொருளுக்குத் தேய்மானம் எழுதுவதும் உங்கள் நிறுவனத்தில் எப்படி முடியும் என்பதை, இரண்டு விலைப்பட்டியல்களையும் கையில் வைத்துக்கொண்டு கணக்காளரிடம் கேட்பதே சரி. இருபது முப்பது மேசைகள் கொண்ட நிறுவனங்களுக்கு என் முடிவு பொருந்தும் என்று நான் வாதிட மாட்டேன். பழுதான கணினிக்கு மறுநாளே மாற்றுக் கணினி கொடுக்கும் குத்தகை ஒப்பந்தம் அந்த அளவில் நன்மை தரக்கூடும். என் அனுபவம் அவ்வளவு பெரியதன்று. ஒரே ஒரு பெரிய வேலைக்காகக் கூடுதல் மேசையோ உயர்தர கிரேடிங் மானிட்டரோ தேவைப்பட்டால், சில வார வாடகையே போதும். அதற்காக வாங்குவது வீண்.

வாங்குகிறவர் காலி ஸ்லாட்டுகளும் தேவைக்கு மேற்பட்ட பவர் சப்ளையும் உள்ள பெட்டியாகத் தேர்ந்து, குத்தகைக்குப் போயிருந்தால் கட்டியிருக்க வேண்டிய தவணையில் ஒரு பங்கை மாதந்தோறும் அடுத்த கார்டுக்கென ஒதுக்கிவர வேண்டும். இல்லாவிட்டால் மாற்றும் சுதந்திரம் இருந்தும் மாற்றப் பணம் இருக்காது. கைப்பணம் போதாமல் குத்தகைக்கே போக வேண்டியவர், மானிட்டரையும் சேமிப்புக் கருவிகளையும் ஒப்பந்தத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு, இடையில் கார்டு சேர்க்கவும் ஒப்பந்தம் முடியும்போது அதைக் கழற்றிக்கொள்ளவும் அனுமதி உண்டு என்பதைக் கையெழுத்திடுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.