வெளிநாட்டில் அறை, வாடகை வெள்ளியில்: சுங்கை சிப்புட் மக்களே, இந்த ஆளிடம் பணம் கட்டாதீர்கள்

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அங்கே அறை பார்த்துத் தருகிறேன், வாடகை, டெபாசிட் எல்லாவற்றையும் இங்கேயே மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்டில்) கட்டிவிடலாம், பவுண்டு மாற்றுகிற தலைவலியே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ பக்கம் சுற்றுகிறார். பெயரைப் போட்டால் வழக்குப் போடுவேன் என்று ஏற்கெனவே மிரட்டிவிட்டார், அதனால் பெயர் இல்லை. எப்படிப் பேசுவார், என்ன காகிதம் நீட்டுவார், எந்த இடத்தில் நழுவுவார் என்பதை எழுதுகிறேன், ஏற்கெனவே அவரிடம் பேசியவர்களுக்கு ஆள் யார் என்று தானாகவே புரிந்துவிடும். இதே வேலையை இதே மாதிரி செய்கிற வேறு ஆட்களும் உண்டு.

என் தங்கை கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் சட்டம் படித்தாள். இரண்டு வருஷம் இங்கே, கடைசி வருஷம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில். செலவு குறையும் என்று நம் பிள்ளைகள் நிறைய பேர் எடுக்கிற வழி இது. இதில் வீடு தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. இரண்டாம் ஆண்டு ரிசல்ட் வந்து, அங்கே இடம் உறுதியாகி, விசாவும் கையில் கிடைப்பதற்குள் ஆகஸ்டு ஆகிவிடும். ஆனால் அந்த ஊர் மாணவர்கள் நல்ல வீடுகளை முந்தின வருஷம் நவம்பர், டிசம்பரிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக விடுதி என்றால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. தனியார் விடுதியில் இடம் இருந்தது, ஆனால் 51 வாரத்துக்கு ஒப்பந்தம் போடச் சொன்னார்கள், படிப்போ ஜூனிலேயே முடிந்துவிடும். வீட்டுக்காரர்களிடம் நேராகக் கேட்டால், அந்த நாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் ஜாமீன் போட வேண்டும், இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாக வை என்றார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, அப்புறம் செம்பனையில் (எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் அப்பாவுக்கு, லெஸ்டரில் ஜாமீன் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்துத்தான் இவர் வந்தார். ஒரு கோயில் மண்டபத்தில் வெளிநாட்டுக் கல்வி விளக்கக் கூட்டம் என்று நடந்தது, அதில் பேசினார். நன்றாகப் பேசுவார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். தானும் தோட்டத்துப் பிள்ளை, தன் அப்பா மண்டோராக (தோட்டக் கங்காணியாக) இருந்தவர், தான் அங்கே போய்ப் பட்ட கஷ்டம் நம் பிள்ளைகள் படக்கூடாது என்றெல்லாம் சொன்னதில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுவாரமே வீட்டுக்கு வந்து, தோசை சாப்பிட்டு, அப்பாவை அண்ணே என்றும் அம்மாவை அக்கா என்றும் கூப்பிட்டு, “என் சொந்தத் தங்கச்சி மாதிரி பார்த்துக்கிறேண்ணே, நீங்க கவலையே படாதீங்க” என்றார். வாரத்துக்கு 85 பவுண்டு, தண்ணீர், கரண்டு, ஹீட்டர், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து. ஜாமீன் வேண்டாம். ஜூன் வரைக்கும் இருந்தால் போதும். மற்றவர்கள் இல்லை என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் இவரிடம் ஒரு ‘ஆமாம்’ இருந்தது.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். வெளிச்சமான அறை, மேசை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். (அங்கேயும் நம்மைப் போல மூன்று முள் பிளக்தான், அதனால் அந்த அறை லெஸ்டரில் இருக்கிறதா, ஈப்போவில் இருக்கிறதா என்றுகூட வீடியோவைப் பார்த்துச் சொல்ல முடியாது.) வாசற்கதவு, வீட்டு நம்பர், தெரு எதுவும் அதில் கிடையாது. கேமரா அறைக்குள்ளேயே ஆரம்பித்து அறைக்குள்ளேயே முடிந்துவிடும்.

மூன்று மாத வாடகை முன்கூட்டியே, டெபாசிட் எட்டு வார வாடகை, அப்புறம் சேவைக் கட்டணம் 1,500 வெள்ளி. பணம் கட்டச் சொன்னது இங்குள்ள ஒரு தனிநபர் கணக்கில், அது தன் மச்சானுடையது, அவர்தான் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறார் என்றார். ரசீது கொடுத்தார். புத்தகக் கடையில் விற்கும் சாதாரண ரசீதுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். எதற்கான பணம் என்ற இடத்தில் ‘ரூம் யூகே’ என்று மட்டும் எழுதியிருந்தது. டெபாசிட் எவ்வளவு, வாடகை எவ்வளவு, எந்த முகவரி, ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் என்று அவர் கொடுத்த இரண்டு பக்கத்தில் முகவரி இருந்தது, வீட்டுக்காரர் பெயர் மட்டும் இல்லை, அவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இவருடைய கையெழுத்து. இங்கே வாடகை வீடு எடுக்கும்போது வீட்டுக்காரர் யார் என்று கேட்போமே, அதே கேள்வியைக் கேட்டதற்கு, “அங்கெல்லாம் ஏஜெண்டுதாண்ணே எல்லாம், ஓனர் முகத்தைக் காட்டவே மாட்டான்” என்று சிரித்தார்.

செப்டம்பரில் தங்கை போய் இறங்கினாள். முகவரி நிஜம், வீடும் நிஜம், நார்பரோ ரோட்டுப் பக்கம் வரிசை வீடு ஒன்று. அறைதான் அறையே இல்லை. வீட்டின் முன்கூடத்தை நடுவில் பலகை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள், பலகை கூரை வரைக்கும்கூடப் போகவில்லை. ஜன்னல் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது, இவளுக்குப் பலகைக்கு மேலே வழிகிற வெளிச்சம்தான். அந்தப் பக்கம் இருந்தவர் கிடங்கில் இரவு வேலை பார்ப்பவர், பகலில் தூங்குவார், அதனால் இவள் வீடியோ காலில் எங்களிடம் கிசுகிசு என்றுதான் பேசுவாள். ஒன்பது பேருக்கு ஒரு குளியலறை. சமையலறை அலமாரி ஒவ்வொன்றிலும் பூட்டு தொங்கியது. ஏ4 தாள்களைத் தரையில் வரிசையாக வைத்துத் தன் பக்கத்தை அளந்து பார்த்தாள், ஐந்து சதுர மீட்டர் தேறவில்லை. இங்கிலாந்தில் பல பேர் பகிர்ந்து வாழ உரிமம் பெற்ற வீட்டில், பெரியவர் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது 2018-இலிருந்து சட்டம். அந்த வீட்டுக்கு உரிமமே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

‘எல்லாம் சேர்த்து’ என்றாரே, அதுவும் பொய். மின்சாரத்துக்கும் கேஸுக்கும் ப்ரீபெய்ட் மீட்டர், மூலைக் கடையில் போய்க் காசு ஏற்றிக்கொண்டு வர வேண்டும், ஏற்றுகிறவர் ஏற்றாவிட்டால் ராத்திரி ஹீட்டர் நின்றுவிடும். அக்டோபர் கடைசியில் அந்த ஊர்க் குளிர் எப்படி இருக்கும் என்று கேமரன் மலைக்குப் போய்விட்டு வந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. அப்புறம் கவுன்சில் வரியில் (நகராட்சிக்கு வீட்டில் இருப்பவர்கள் கட்டும் வரி) உன் பங்கு என்று மாதா மாதம் காசு கேட்டார்கள். முழுநேர மாணவர்களை அந்த வரிக் கணக்கில் சேர்ப்பதே கிடையாது.

அப்பா இவருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டேன். இவர் சொன்ன பதில் இது: “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்கண்ணே, நாமெல்லாம் லயத்துல வளர்ந்தவங்கதானே.” அப்பா ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீட்டில்கூட, ஜன்னல் இருந்தது ஐயா. கதவும் இருந்தது. அந்தக் கூட்டத்தில் எங்களை உருக வைத்த அதே தோட்டத்துக் கதையை இப்போது எங்கள் வாயை அடைக்க எடுத்தார் பாருங்கள், பணம் போனதைவிட அதுதான் இன்னும் எரிகிறது.

தங்கை பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவுக்குப் போனாள். காசு வாங்காமல் பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கும், அறை எடுப்பதற்கு முன்னாலேயே ஒப்பந்தத்தை அனுப்பிப் படித்துப் பார்க்கச் சொல்லலாம். அங்கே இருந்த ஆலோசகர் கேட்ட முதல் கேள்வியே டெபாசிட் எந்தத் திட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்பதுதான். இங்கிலாந்தில் வாடகை டெபாசிட்டை வீட்டுக்காரரோ ஏஜெண்டோ தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் 30 நாளுக்குள் பாதுகாக்க வேண்டும், அந்த விவரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் டெபாசிட்டைப் போல 1 முதல் 3 மடங்கு வரை வாடகைக்கு இருப்பவருக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவு போடலாம். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவு என்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கவே கூடாது. அறையைப் பிடித்து வைக்க வாங்கும் பணம் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகைக்கு வருபவரிடம் சேவைக் கட்டணம், காகிதக் கட்டணம் என்று ஏஜெண்டு பிடுங்குவதை 2019 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். இவர் வாங்கியது எட்டு வாரம். கூடவே 1,500 வெள்ளி.

இதையெல்லாம் எழுதிக் கேட்டதும் ஒரு பதிவுச் சான்றிதழின் படத்தை அனுப்பினார். அந்தத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் நம்பரைத் தட்டினால் அப்படி ஒன்றே இல்லை. நிலப் பதிவகத்தில் 7 பவுண்டு கட்டினால் யார் வேண்டுமானாலும் அங்கே பதிவான எந்த வீட்டின் உரிமையாளர் பெயரையும் எடுக்கலாம், தங்கை எடுத்தாள். உரிமையாளர் வேறு யாரோ ஒருவர். ஒரு குடும்பத்துக்கென்று வாடகைக்கு விட்டிருக்கிறார், அதை வாடகைக்கு எடுத்தவர் பலகை அடித்து ஆள் ஆளுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார், அவருக்கு இங்கிருந்து பிள்ளைகளைப் பிடித்துக் கொடுப்பதுதான் நம்முடைய ஆளின் வேலை. ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வாழும் வீடு என்றால் நகராட்சி உரிமம் கட்டாயம், உரிமம் உள்ள வீடுகளின் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். இந்த வீடு அதில் இல்லை.

டிசம்பரில் உரிமையாளர் வந்து பார்த்துவிட்டு எல்லோரையும் கிளம்பச் சொன்னார். பரீட்சை நேரம். நல்லவேளை, படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு பெண்ணின் அறை ஜனவரியில் காலியானது. ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டவர்கள் தங்களுக்குப் பதிலாக ஆள் தேடுவார்கள், பாதி வருஷத்தில் நியாயமான அறை கிடைக்க இதுதான் நல்ல வழி. வாரத்துக்கு 40 பவுண்டு கூடுதல். ஒரு பவுண்டுக்கு எத்தனை வெள்ளி என்று பார்த்து, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, டெபாசிட் சான்றிதழ் மின்னஞ்சலில் தானாகவே வந்து சேர்ந்தது.

இனி இங்கே நடந்தது. போலீசில் ரிப்போர்ட் செய்தோம். அறை என்று ஒன்று கொடுத்துவிட்டாரே, இது சிவில் விவகாரம் மாதிரி தெரிகிறது என்றார்கள். இந்த ஆளின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது, வெறுங்கையாக விட்டால் மோசடி, பலகைக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்டுவிட்டால் தகராறு. தேசிய மோசடி மறுமொழி மையத்தின் 997 என்ற எண், பணம் போன கையோடு அழைத்தால்தான் உதவும், அப்போதுதான் அது கைமாறுவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள். மோசடிக்காரர்களின் கணக்கா என்று சரிபார்க்கும் போலீசின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் போன் நம்பரையும் போட்டுப் பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள். ஆனால் யாராவது புகார் கொடுத்திருந்தால்தான் அதில் வரும். ஒன்றும் வரவில்லை என்பதால் ஆள் சுத்தம் என்று அர்த்தமில்லை. மச்சானுடைய கணக்கும் அதில் சுத்தமாகத்தான் இருந்தது.

‘படித்த பிள்ளைதானே, விசாரிக்க வேண்டாமா’ என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விசாரித்தோம். விசாரித்த எல்லாவற்றுக்கும் அவர் பதில் வைத்திருந்தார், அதுதான் அவர் தொழில். பதில் சொல்ல முடியாத கேள்விகள் சிலதான் இருக்கின்றன, உங்களிடம் வந்தால் அதைக் கேளுங்கள். டெபாசிட் எந்தத் திட்டத்தில் போகும்? உரிமையாளர் பெயர் ஒப்பந்தத்தில் எங்கே? வீடியோ காலில் தெருவிலிருந்து நடந்து வீட்டு நம்பரைக் காட்டி உள்ளே போக முடியுமா? பணத்தை அந்த நாட்டிலுள்ள ஏஜென்சி பெயரில் இருக்கும் கணக்குக்கோ விடுதிக்கோ நேராக அனுப்பட்டுமா? கடைசிக் கேள்விக்குத்தான் முகம் மாறும். வெள்ளியில் கட்டுவது நமக்கு வசதி என்பார். வசதி அவருக்கு, அங்கே போய்க் கேட்டாலும் அங்கே பணம் வந்ததற்கு அடையாளமே இருக்காது.

இப்போது சேவைக் கட்டணத்துக்காக இங்கே பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம். 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வீடு, நிலம் சம்பந்தப்பட்ட உரிமையை அங்கே எடுக்க மாட்டார்கள் என்பதால் டெபாசிட்டைத் தனியாகப் பார்க்கிறோம். இவரிடம் பணம் கட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று தெரியும், அந்த வீட்டிலேயே கெடாவிலிருந்து போன ஒரு பையன் இருந்தான். ‘ரூம் யூகே’ ரசீது யார் வீட்டிலாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் படமெடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், விசாரணைக்கு அதையும் கொண்டு போகிறேன். வரும் செப்டம்பருக்கு அவரிடம் பேசி வைத்திருப்பவர்கள், பாக்கிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் என்றாலும் பரவாயில்லை.