பூக்கடைக் கணக்கு: ஒரே அட்டவணையா, உறவுள்ள அட்டவணைகளா?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை நடத்தும் என் மாமா, தேதி, விவசாயி பெயர், ஊர், கைபேசி எண், பூ, எடை, கிலோ விலை ஆகிய அனைத்தையும் எக்செல்லில் ஒரே நீள அட்டவணையாக வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் ஜாயின் (பல அட்டவணைகளை இணைக்கும் கட்டளை) எழுதாமலே பதில் கிடைத்துவிடும் என்பது அந்த முறையின் உண்மையான வசதி. ஆனால் ஒரே ஊர் சில வரிசைகளில் 'உசிலம்பட்டி' என்றும் சிலவற்றில் 'உசிலை' என்றும் பதிவாகியிருந்ததால், ஊர்வாரியாகக் கூட்டியபோது அது இரண்டு ஊராகிவிட்டது. 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் உறவுசார் மாதிரியை (தரவைத் தொடர்புள்ள அட்டவணைகளாக அமைக்கும் முறையை) முன்வைத்த கட்டுரையிலேயே, ஒரே தகவலைப் பல இடங்களில் எழுதும் இந்த மீள்பதிவும் அதனால் வரும் முரணும் தனியாகப் பேசப்படுகின்றன.

ஆகவே விவசாயி, பூ, வரத்து என மூன்றாகப் பிரித்தேன். விவசாயிக்குக் கைபேசி எண்ணையே சாவியாக (ஒவ்வொருவரையும் தனித்துக் காட்டும் அடையாளமாக) வைக்கலாம் என்றார் மாமா. எண் மாறக்கூடியது என்பதால் தனி வரிசை எண்ணே மேல்.

விலையை எங்கே வைப்பது என்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். விலை பூவுக்குரியது என்று தோன்றும். ஆனால் முகூர்த்த நாளில் மல்லிகை விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பூ அட்டவணையில் மட்டும் விலையை வைத்து, இன்று அதைத் திருத்தினால், போன மாதப் பட்டுவாடாக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். விற்ற விலை அந்தந்த வரத்துக்குரிய தகவல். அதை ஒவ்வொரு வரத்து வரிசையிலும் எழுதுவது மீள்பதிவு ஆகாது.

கேள்வி கேட்பதிலும் இதே கவனம் வேண்டும். இந்த மாதம் பூ கொண்டுவராத விவசாயிகள் யார் என்று அறிய, இரு அட்டவணைகளிலும் பொருந்தும் வரிசைகளை மட்டும் தரும் இன்னர் ஜாயின் உதவாது, ஏனெனில் வரத்து இல்லாதவர்களை அது விட்டுவிடும். விவசாயி அட்டவணையை இடப்பக்கம் வைத்து அதன் வரிசைகள் அனைத்தையும் தரும் லெஃப்ட் ஜாயின் எழுதி, வரத்து எண் 'நல்' (NULL, மதிப்பே இல்லாத நிலை) ஆக உள்ள வரிசைகளைப் பொறுக்க வேண்டும். மாதத்துக்கான நிபந்தனையை 'வேர்' (WHERE) பகுதியில், அதாவது இணைத்தபின் வடிகட்டும் இடத்தில், எழுதினால் வரத்தே இல்லாதவரின் தேதியும் 'நல்' ஆக இருப்பதால் அவர் வடிகட்டப்பட்டு, லெஃப்ட் ஜாயின் சத்தமில்லாமல் இன்னர் ஜாயினாகிவிடும். அந்த நிபந்தனை 'ஆன்' (ON) பகுதியில், அதாவது இணைக்கும் விதியிலேயே, இருக்க வேண்டும். பொருந்தும் வரிசை இல்லையா என்று பார்க்கும் நாட் எக்சிஸ்ட்ஸ் (NOT EXISTS) கொண்டு எழுதினால் இந்தச் சறுக்கலே இல்லை. எனக்கு அதுவே பிடிக்கும். பட்டியலில் இல்லாதவற்றைத் தேடும் நாட் இன் (NOT IN) வேண்டாம்: பட்டியலைத் தரும் உள்கேள்வியின் விடையில் ஒரே ஒரு 'நல்' இருந்தாலும் வரிசை ஒன்றும் திரும்பாது.

ஒரே கணினிதான் என்பதால் தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸை விட்டு எஸ்க்யூலைட்டைத் தேர்ந்தேன். போஸ்ட்கிரெஸில் அயற்சாவிக் கட்டுப்பாடு (ஓர் அட்டவணை சுட்டும் சாவி மற்றதில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) இயல்பாகவே செயல்படும். எஸ்க்யூலைட்டிலோ இயல்புநிலையில் அது அணைந்திருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் இயக்கிவிட வேண்டும். அதைச் செய்ய மறந்து நான் ஒரு விவசாயியை நீக்கியபோது, அவருடைய வரத்துகள் மட்டும் யாருடையவை என்று தெரியாமல் அட்டவணையில் கிடந்தன.