சிவந்து எரியும் வறண்ட சருமம்: இரண்டு வருடத்தில் எனக்கு உதவியவை

வெறும் தண்ணீர் பட்டாலே மூக்கோரம் சுர்ரென்று எரியும். முகம் கழுவிய ஐந்தாவது நிமிடம் கன்னம் இழுத்துப் பிடிக்கும். சிரித்தால் வாயோரத்தில் பொருக்குப் பொருக்காகத் தோல் உரியும். என் நிறம் மாநிறம். அதனால் இது சிவப்பு என்பதே முதலில் எனக்குப் பிடிபடவில்லை. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ திட்டுகள் தெரியும், தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சுடும். நம் போன்ற நிறத்துக்காரர்கள் கண்ணை விட விரலைத்தான் நம்ப வேண்டும்.

எரிச்சல் வரும்போதெல்லாம் புதிதாக ஒரு சீரம் வாங்கிக்கொண்டிருந்தேன். சிவப்பு குறையும் என்று நினைத்து 10 சதவீத நியாசினமைடு (வைட்டமின் B3-இன் ஒரு வடிவம்) போட்டேன்; மூன்றாம் நாள் முகம் முழுக்கக் காந்தியது. நியாசினமைடு நல்ல பொருள்தான். தோலின் ஈரத்தைக் காக்கும் செராமைடு என்ற கொழுப்பைத் தோல் தானாகவே உற்பத்தி செய்ய அது தூண்டுகிறது. ஆனால் அதற்கு 2 முதல் 5 சதவீதமே போதும். ஏற்கெனவே புண்பட்ட தோலில் 10 சதவீதம் எனக்கு அதிகம்.

அப்புறம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆறு வாரம் மூன்றே பொருள்களில் இருந்தேன்: இரவில் மட்டும் நுரை குறைந்த மென்மையான கிளென்சர், ஒரு கிரீம், பகலில் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன். கிரீமில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் இருந்தன. மேல்தோல் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பில் ஏறக்குறைய பாதி செராமைடு. அது குறைந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போய்விடும், எரிச்சலூட்டும் பொருள்கள் எளிதாக உள்ளே வரும். சிவப்பை விரட்டுவதற்கு முன் இந்த ஓட்டையை அடைத்தாக வேண்டும் என்பது அந்த ஆறு வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் வித்தியாசம் தெரிந்தது 5 சதவீத பாந்தெனாலில்தான் (தோலில் வைட்டமின் B5 ஆக மாறும் பொருள்). ஒரே வாரத்தில் தண்ணீர் எரிச்சல் பாதியானது. போடும் விதமும் முக்கியம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முகத்தில் ஈரம் இருக்கும்போதே கிரீமை இரு உள்ளங்கையிலும் பரப்பி அப்படியே அழுத்தி வைப்பேன். தேய்த்தால் அந்தத் தேய்ப்புக்கே கன்னம் சிவந்துவிடும்.

சிகா என்ற பெயரில் வருவது வல்லாரைதான். அதிலுள்ள மடேகாசோசைடு அழற்சியைத் தணிக்கும். எனக்கும் நன்றாக ஒத்துக்கொண்டது. ஆனால் நான் வாங்கிய முதல் சிகா கிரீமில் லாவண்டர் எண்ணெயும் இருந்தது, இரண்டே நாளில் அரிப்பு. முன்பக்கப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கப் பட்டியலில் வாசனைப் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவானாலும் நான்கைந்து நாள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோகிறேன்.

காற்று வறண்ட மாதங்களில் கொலாய்டல் ஓட்ஸ், அதாவது மிக நைசாக அரைத்த ஓட்ஸ், கலந்த கிரீமுக்கு மாறிக்கொள்வேன். ஓட்ஸில் உள்ள அவெனாந்த்ரமைடுகள் அரிப்பை அடக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கன்னத்தின் நடுவில் சிவப்பு போகவே இல்லை. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு லேசான ரோசேசியா (முகம் நாள்பட்டுச் சிவக்கும் தோல் நோய்) என்றார், 15 சதவீத அசெலைக் அமில ஜெல் எழுதிக் கொடுத்தார். அதை நானாகப் பத்து கிரீம் மாற்றியும் கண்டுபிடித்திருக்க முடியாது. முதல் சில வாரம் ஊசி குத்துவது போல இருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை, கிரீமுக்கு மேலே என்று தொடங்கினேன். மூன்றாவது மாதம்தான் நிறம் அடங்கியது. அவசரப்பட்டு இரண்டாம் வாரத்திலேயே நிறுத்தியிருந்தால் பலன் தெரிந்திருக்காது.

இப்போது கிரீமிலேயே 4 சதவீத நியாசினமைடு இருக்கிறது, எரியவில்லை. வெந்நீரில் முகம் கழுவிவிட்டால் மட்டும் இடது மூக்கோரம் இன்னும் சிவக்கும். அன்று இரவு ஜெல்லை விட்டுவிட்டு, பாந்தெனால் போட்டு, மேலே மெல்லிதாக பெட்ரோலியம் ஜெல்லி தடவிப் படுப்பேன். காலையில் தணிந்திருக்கும்.