புகைபோக்கிக் கருவியா, ஊர் மக்களின் வாளியா?

ஆலைக் காற்றைக் கண்காணிக்க இரண்டு வழிகள். ஒன்று, புகைபோக்கியில் பொருத்தும் தொடர் கண்காணிப்புக் கருவி. அதிகம் மாசுபடுத்தும் 17 வகை ஆலைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் இதைக் கட்டாயமாக்கியது. தூசு, கந்தக டை ஆக்சைடு அளவுகள் இரவும் பகலும் பதிவாகும். ஆனால் கருவி இருப்பது ஆலையின் கையில். குழாய் இணைப்பில் கசியும் வாயு அதில் சிக்காது.

இன்னொன்று வாளி. மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள், வாயுவோடு எளிதில் வினைபுரியாத டெட்லார் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஒரு பை; வாளிக்குள் உள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சினால், வெளிக்காற்று பைக்குள் புகும். அதை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், செலவு அதிகம். ஆனால் நாற்றம் அடிக்கும்போதே பிடித்துவிடலாம்! கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்தினர் இப்படிப் பிடித்த காற்றில் 22 நச்சு வேதிப்பொருள்கள் இருந்ததை 2004-இல் வெளியிட்டார்கள். ஆலையை ஒட்டி வாழ்பவர்களுக்கு முதலில் வேண்டியது வாளிதான் என்பேன். எதை அளக்க வேண்டும் என்பதே அதற்குப் பிறகுதான் தெரியவருகிறது.